மல் துணி வழியே வரும் வெயில்

இளம்பிள்ளைச் சேலையைப் படம் பிடிக்க உட்காருபவருக்கு முதல் சோதனை ஜரிகைதான். நூலில் சாயம் ஏறியிருக்கிறது. எந்த வெளிச்சத்தில் காட்டினாலும் கொஞ்சம் கூடக்குறைய அந்தச் சாயத்தைச் சொல்லிவிடும். ஜரிகை அப்படிப் பேசாது. விலை குறைந்த சேலைகளில் ஓடும் ஜரிகை, பாலியஸ்டர் படலத்தில் உலோகப் பூச்சு ஏற்றி மெல்லிசாக வெட்டிய நாடா. அதன் ஒவ்வொரு துணுக்கும் ஒரு கண்ணாடி. எதிரே என்ன நிற்கிறதோ அதைத்தான் திருப்பிக் காட்டும். செல்போனின் சின்ன ஃபிளாஷ் எதிரே நின்றால், கரை முழுக்க வெள்ளைப் புள்ளிகள். புள்ளிகளுக்கு நடுவில் மிச்சமிருக்கும் ஜரிகையோ அறையின் இருட்டைக் காட்டும். ஆக, படத்தில் வெள்ளை இருக்கும், பழுப்பு இருக்கும், பொன்னிறம் மட்டும் இருக்காது. கடைக்காரர் கையில் தகதகக்கும் கரை, வாங்குபவர் போனில் துருப்பிடித்த தகரமாகப் போய்ச் சேரும்.

அதே சேலைக்கும் விளக்குக்கும் நடுவில் ஒரு வெள்ளை மல் துணியைப் பிடித்துப் பாருங்கள். இப்போது ஜரிகைக்கு எதிரே நிற்பது புள்ளி விளக்கு அல்ல, ஒரு கெஜத்துக்கு ஒளிரும் துணிப்பரப்பு. ஒவ்வொரு துணுக்கும் அந்தப் பரப்பில் ஏதோ ஓரிடத்தைப் பிடித்துக்கொள்கிறது. புள்ளிகள் கலைந்து கரை நெடுகப் பொன் பரவுகிறது. மடிப்பு வளையும் இடத்தில் மெல்லத் தேய்ந்து, அடுத்த மடிப்பில் மறுபடி ஏறுகிறது. இதற்கான மொத்தச் செலவு ஒரு துண்டுத் துணி.

சேலத்துக்கு மேற்கே, கஞ்சமலையைக் கிழக்கில் வைத்துக்கொண்டு இருக்கும் இந்த ஊரில் துணிக்குப் பஞ்சமே இல்லை. தறிச் சத்தம் கேட்காத தெரு குறைவு. கடைத்தெருவில் சேலைக் கடைக்கு அடுத்ததும் சேலைக் கடைதான். முன்பெல்லாம் வியாபாரிகள் நேரில் வந்து, கட்டைப் பிரித்து, கையால் தடவி, வெளியே வெயிலுக்குக் கொண்டுபோய்ப் பார்த்து எடுத்துப் போவார்கள். இப்போதும் வருகிறார்கள். ஆனால் சேலை கிளம்புவதற்கு முன்னால் அதன் படம் கிளம்பிவிடுகிறது. வாட்ஸ்அப் குரூப்பில் படம் விழுந்த கையோடு எங்கோ மதுரையிலோ மலேசியாவிலோ இருக்கும் ஓர் அக்கா, "அண்ணா, இதே கலர்தான் வருமா?" என்று கேட்கிறார். "படத்துல பாக்கற மாதிரியேதாங்க அக்கா வரும்" என்று பதில் போகிறது. அந்த ஒரு வாக்கைக் காப்பாற்றத்தான் இத்தனை துணியும் அட்டையும் குழாயும்.

கடைப் பின்கட்டில் இந்த ஏற்பாடு எப்படி இருக்கும் என்பதைச் சொல்ல வேண்டும், அதில் ஓர் அழகு இருக்கிறது. தண்ணீர்க் குழாய் போடும் பிவிசி பைப் நான்கு துண்டு, மூலைக்கு ஒரு எல்போ. ஒரு சட்டம் ஆயிற்று. பசை போடாமல் செருகினால் வேலை முடிந்ததும் கழற்றிக் கதவுக்குப் பின்னால் சாத்திவிடலாம். அதன் மேல் வெள்ளைத் துணி. துணி காயப்போடும் கிளிப்புகள் நாலு பக்கமும். பின்னால் ஒரு எல்.இ.டி விளக்கு. எதிர்ப்பக்கம் நிழலை நிரப்பத் தெர்மோகோல் அட்டை ஒன்று, செங்கல் முட்டுக்கொடுத்து. இவ்வளவுதான். சாஃப்ட்பாக்ஸ் என்று கடையில் விற்கும் கறுப்புக் கூண்டுக்குள் இருப்பதும் இதே வெள்ளைத் துணிதான். அதை வாங்கக் கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். அந்தக் கூண்டு வெளிச்சத்தைப் பக்கவாட்டில் சிந்தவிடாது, அதற்கு அதன் மதிப்பு உண்டு. ஆனால் துணி செய்யும் வேலையைத் துணிதான் செய்கிறது.

இதெல்லாம் வீட்டில் செய்து பார்க்கும்படி ஆனதற்கு எல்.இ.டி ஒரு பெரிய காரணம். கல்யாண வீடியோக்காரர்கள் ஆயிரம் வாட் ஹாலோஜன் விளக்கைத் தூக்கிக்கொண்டு திரிந்த காலத்தில், அதன் முன்னால் பட்டர் பேப்பரை ஒட்டினால் கொஞ்ச நேரத்தில் காகிதம் பழுத்துவிடும், கவனிக்காவிட்டால் கருகிவிடும். வெப்பம் தாங்கும் தனித் தாள்கள் சினிமாக்காரர்களிடம் இருந்தன. ஊர் ஸ்டுடியோக்காரருக்கு அது கட்டுப்படியாகாது. இன்றைய விளக்கின் முகத்துக்கு ஒரு முழம் தள்ளி வேட்டியைக் கட்டினாலும் பொசுங்காது. வெப்பம் போனது, அதோடு விலையும் போனது.

துணி என்னதான் செய்கிறது? வெளிச்சத்தைக் குறைக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். குறைக்கிறதுதான்; ஒரு மடிப்பு மெல்லிய துணி ஏறத்தாழப் பாதியை விழுங்கிவிடும். அது அதன் வேலை அல்ல, அதற்கு நாம் கொடுக்கும் கூலி. அதன் வேலை விளக்கைப் பெரிதாக்குவது. சூரியன் எத்தனை பெரியதானாலும் நம் கண்ணுக்கு அது வானத்தில் அரை டிகிரி அகலம்தான். கையை நீட்டிச் சுண்டுவிரலைத் தூக்கினால் சூரியன் அதற்குள் மறைந்துவிடும். அத்தனை சிறிய இடத்திலிருந்து வரும் வெளிச்சம் ஒரே திசையில் வந்து ஒரே கோட்டில் நிழலை வெட்டுகிறது. ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் துணியைச் சேலையிலிருந்து ஒரு மீட்டர் தள்ளிக் கட்டினால், சேலையின் பார்வையில் அந்த விளக்கு ஐம்பது டிகிரிக்கு மேல் விரிகிறது. சூரியனைப்போல் நூறு மடங்கு அகலம். வெளிச்சம் இப்போது மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் கீழிருந்தும் ஒரே நேரத்தில் வந்து நிழலுக்குள் நுழைகிறது; நிழலின் விளிம்பு கரைகிறது.

இதைப் புரிந்துகொண்டால் அடுத்த நுணுக்கம் தானாக வரும். துணியின் நடுவில் மட்டும் வெளிச்ச வட்டம் விழுந்து ஓரங்கள் மங்கிக் கிடந்தால், அந்த நடு வட்டம்தான் உங்கள் விளக்கு. மீதித் துணி வீண். விளக்கைப் பின்னுக்கு இழுங்கள், அல்லது துணியை இரண்டாக மடியுங்கள், வட்டம் விரிந்து சட்டம் முழுக்க நிறையும். துணியைச் சேலைக்கு நெருக்கினால் வெளிச்சம் இன்னும் மென்மையாகும். ஆனால் நெருக்குவதற்கும் ஓர் எல்லை உண்டு. ஐந்தரை மீட்டர்ச் சேலையின் முந்தியை விரித்துப் போட்டு, ஒரு முனையருகே துணியை வைத்தால், அந்த முனை வெளுத்து மறுமுனை இருண்டுவிடும். தொலைவு இரட்டித்தால் வெளிச்சம் கால்பங்காகும் என்ற கணக்குப் பெரிய துணிக்கு அச்சு மாறாமல் பொருந்தாது என்றாலும், சரிவு கண்ணுக்கே தெரியும். ஆகவே புட்டாவைக் கிட்டத்தில் காட்ட ஒரு தூரம், முந்தி முழுவதையும் காட்ட வேறொரு தூரம்.

இனி துணியைப் பற்றி. இங்கேதான் இளம்பிள்ளைக்கு மற்ற ஊர்களைவிட ஒரு படி மேலான உரிமை இருக்கிறது என்பது என் கட்சி. போட்டோகிராபர் விளக்கைப் பார்ப்பார். தறிக்காரர் துணியைப் பார்ப்பார்; அதுவும் எப்படி? இரண்டு கையாலும் விரித்து வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்து. எங்கே இழை நெருக்கம், எங்கே விலகல், எங்கே ஊடை தளர்ந்திருக்கிறது, எங்கே ஒரு பாவு நூல் அறுந்து ஓட்டம் விழுந்திருக்கிறது என்பதெல்லாம் அந்த ஒரு தூக்கலில் தெரிந்துவிடும். வெளிச்சத்தைப் பரப்பும் இந்தத் திரைக்கு, அதாவது டிஃப்யூசருக்கு, துணி தேர்ந்தெடுக்கத் தேவைப்படும் சோதனையும் இதேதான்.

ஏனென்றால் எல்லா வெள்ளைத் துணியும் ஒன்று இல்லை. மல் துணியில் இழைகளுக்கு நடுவே கண்ணுக்குத் தெரியும் இடைவெளி உண்டு. நூலில் பட்ட கதிர் சிதறுகிறது. இடைவெளியில் புகுந்த கதிர் சிதறாமல் நேராகவே வந்துவிடுகிறது. இதனால் மல் துணியின் கீழ் விழும் நிழலை உற்றுப் பார்த்தால் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு நிழல் தெரியும்: வெளியே கரைந்த பெரிய நிழல், அதற்குள்ளே மங்கலாக ஆனால் கூரான விளிம்போடு இன்னொன்று. பாப்ளின் போன்ற நெருக்கமான நெசவில் இந்த உள்நிழல் இராது. கதிர் முழுக்கச் சிதறி, வெளிச்சம் ஒரே சீராக வரும், கூடவே இருட்டும் கூடும். இரண்டில் எது நல்லது என்று கேட்டால், நான் மல்லின் பக்கம். அந்த மிச்சமிருக்கும் கூர்மைதான் ஜரிகையில் சின்னச் சின்னப் பொறியாக எழுந்து அது உலோகம் என்பதைக் காட்டுகிறது. பாப்ளினில் எடுத்த ஜரிகை பல நேரம் மஞ்சள் பெயின்ட் அடித்ததாகத் தோன்றும். வெயில் உச்சியில் இருக்கும்போது மல்லை இரட்டையாக மடித்துக் கட்டலாம். மடிப்பில் ஓர் இழைவரிசை மற்றொன்றின் இடைவெளியை மறைக்கும், ஆனால் முழுக்க மறைக்காது. ஒரு துணியை எத்தனை மடிப்பாகப் போடுவது என்று சாளர ஓரத்தில் நின்று விளையாடிப் பார்ப்பதில் உள்ள சுகம், கடையில் வாங்கிய கூண்டில் கிடையாது.

நிறத்துக்கும் இப்படி ஒரு கண்டிப்பு உண்டு. வெள்ளை வேட்டி என்று நாம் சொல்வது உண்மையில் இளநீலம். அலசும்போது சொட்டு நீலம் விட்டிருப்பார்கள். போதாததற்குச் சோப்புத்தூளில் உள்ள பளிச்சூட்டும் ரசாயனம், கண்ணுக்குத் தெரியாத புற ஊதாவை வாங்கி நீலமாக உமிழ்கிறது. இதன் வழியே வந்த வெயில் குளிர்ந்துபோய் வரும், அரக்குச் சேலை கத்தரிக்காய் நிறத்தை நோக்கி ஓரடி நகரும். வெளுக்காத கோராத் துணியோ எதிர்த்திசையில் இழுக்கும். அதன் இளம்பழுப்பு வெளிச்சத்தில் வெள்ளைச் சேலை சந்தன நிறமாகும். நாள்பட்ட பழைய வேட்டி மஞ்சளித்துத் தனிக் கதை சொல்லும். முகத்தைப் படமெடுக்கக் கோரா எனக்குப் பிடிக்கும், நம் தோல் நிறத்துக்கு அது இதமாக இருக்கிறது. சேலைக்கு மட்டும் நீலமும் இல்லாத கோராவும் இல்லாத, வெளுத்து நீலம் போடாத துணிதான் வேண்டும். அதைக் கேட்டு வாங்கும்படியாக உள்ள ஊர் இது.

துணி மட்டும் சரியாக இருந்தால் போதாது. வேப்பமரத்தடி நிழலில் எடுத்தால் சேலைக்குள் பச்சை இறங்கும். நீலத் தார்ப்பாலின் கட்டிய வாசலில் எடுத்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ரோஸ் நிறப் பந்தல் துணிக்குக் கீழே எடுத்த கல்யாணப் படங்களில் மாப்பிள்ளை முதல் பந்தி பரிமாறுபவர் வரை எல்லோரும் சிவந்து நிற்பதை எல்லார் வீட்டு ஆல்பத்திலும் பார்க்கலாம். எதிர்வீட்டுச் சுவர்கூட உங்கள் விளக்குதான். இதில் துணி கைகொடுக்காத ஓரிடமும் உண்டு. மலிவான எல்.இ.டி சிலவற்றில் சிவப்பு நிறம் போதுமான அளவு இருக்காது. விளக்கில் இல்லாத சிவப்பை எந்த மல் துணியும் தர முடியாது. அரக்கு காப்பிக்கொட்டை நிறமாகவே நிற்கும். அப்போது விளக்கை அணைத்துவிட்டு ஜன்னலுக்குப் போவதே வழி.

வெயிலுக்கும் இந்த ஊரில் ஒரு கணக்கு உண்டு. சேலம் பக்கம் பதினொன்றரை டிகிரி அட்சரேகைக்குச் சற்று வடக்கே இருப்பதால், ஆண்டில் இருமுறை சூரியன் நேர் தலைக்கு மேல் வரும்: சித்திரை முதல் வாரத்தில் ஒருமுறை, ஆவணி முதல் வாரத்தில் ஒருமுறை. உச்சி என்பது கடிகாரப் பன்னிரண்டு மணிக்கும் அல்ல, பன்னிரண்டேகாலைத் தாண்டித்தான். அந்நேரம் மனிதன் நிழல் காலடிக்குள் ஒடுங்கிவிடும். முற்றத்தில் தலைக்கு மேலே கொடிகட்டித் துணியைப் பரத்தினால் வெளிச்சம் மென்மையாகும், ஆனால் நேர் மேலிருந்தே கொட்டும். நிற்கிறவர் கண்குழி இருளும், தொங்கவிட்ட சேலையில் மடிப்புகள் எல்லாம் ஒன்றுபோல் தட்டையாகும். காலை ஏழரை எட்டுக்குக் கஞ்சமலைப் பக்கமிருந்து சாய்வாக வரும் வெயில் வேறு ரகம். கிழக்கு வாசல் கிரில் கதவில் துணியைக் கிளிப் போட்டு மாட்டினால் போதும், கதவு முழுக்க விளக்கு. நடைக்குள் இரண்டடி தள்ளி சேலையை மாட்டினால் வெளிச்சம் ஒரு பக்கமிருந்து வந்து மறுபக்கம் மெதுவாகத் தேயும்.

அந்தத் தேய்மானத்தைத்தான் நான் ருசித்துச் சொல்ல விரும்புகிறேன். மென்மையான வெளிச்சம் என்றதும் நாலு பக்கமும் வெள்ளைத் துணி கட்டி நிழலையே ஒழித்துவிடுபவர்கள் இருக்கிறார்கள். அதில் எடுத்த சேலை சுத்தமாக இருக்கும், உயிரோடு இருக்காது. நெசவு என்பது மேடும் பள்ளமும். ஜக்கார்டில் எழும்பிய புட்டா துணியின் தளத்திலிருந்து ஓர் இழை அளவே உயர்ந்து நிற்கிறது. அந்த ஓர் இழை உயரத்தைக் காட்ட அதன் ஒரு பக்கத்தில் நிழல் விழுந்தாக வேண்டும். வெளிச்சம் சாய்ந்து, துணியை ஏறக்குறைய உரசிக்கொண்டு வரும்போது மயிலின் தோகைக் கண் ஒவ்வொன்றும் எழுந்து நிற்கும். முந்தியில் ஊடையின் வரி வரியான ஓட்டம் விரலுக்குத் தட்டுப்படும் அளவுக்குத் தெரியும். தெர்மோகோலை எதிர்ப்பக்கம் நெருக்கி வைத்தால் இவ்வளவும் போய்விடும். இரண்டடி தள்ளி வையுங்கள், நிழல் கறுக்காமல் நிறம் மட்டும் தெரியும் அளவுக்குத் திரும்பும்.

மயில்கழுத்து நிறத்தில் இதை இன்னும் நன்றாகப் பார்க்கலாம். பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம். எந்தக் கோணத்தில் வெளிச்சம் எந்த நூலில் பட்டுத் திரும்புகிறதோ அந்த நிறம் மேலெழும். நாலாபுறமும் சமமாக வெளிச்சம் அடித்தால் இரண்டு நிறமும் கலந்து ஒரு கலங்கிய நடுநிறம் கிடைக்கும். வாங்குகிறவர் அதையே சேலையின் நிறம் என்று நம்பிவிடுவார். ஒரே பக்கமிருந்து, துணி வழியே வந்த சாய்ந்த வெளிச்சத்தில் ஒரு கொசுவம் பிடித்துத் தொங்கவிட்டால், மடிப்பின் முகடு நீலமாகவும் சரிவு பச்சையாகவும் பிரியும். படம் ஒன்றே இரண்டு நிறத்தையும் சொல்லிவிடும். மெனக்கெட்டு அப்படி எடுத்த படத்தைப் பார்த்தாலே எடுத்தவர் சேலை தெரிந்தவர் என்று புரியும்.

கடைகளில் இப்போது எங்கு பார்த்தாலும் வட்ட விளக்கு, அதுதான் ரிங் லைட். முகத்துக்கு அது பொருந்தும். ஜரிகைக் கரைக்கு எதிரே நேராக வைத்தால் பளபளப்பான எல்லாவற்றிலும் வட்டம் விழும். கண்ணாடி வளையல், மூக்குத்தி, பொம்மையின் நெற்றி, எதிலும். ஒரு துணியை முன்னால் தொங்கவிட்டால் வட்டம் தொலையும். டியூப் லைட் இன்னும் சுவாரஸ்யம். நாலடி நீளம், விரல் தடிமன். நீளவாக்கில் அது பெரிய விளக்கு, குறுக்குவாக்கில் சின்ன விளக்கு. ஒரே குழல், ஒரு திசையில் கரைந்த நிழலும் மறு திசையில் வெட்டிய நிழலும் தரும். கரையைக் குழலுக்கு இணையாகப் பிடிப்பதற்கும் குறுக்காகப் பிடிப்பதற்கும் ஜரிகை வேறு வேறு முகம் காட்டுவதைக் கடையில் நின்றபடியே சேலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொள்ளலாம். செலவே இல்லை.

துணியால் வெளிச்சத்தை வசப்படுத்துவது தமிழ்நாட்டுக்குப் புதிதும் அல்ல. தென்னிந்தியாவின் முதல் கதைப்படமான 'கீசக வத'த்தை எடுத்த ஆர். நடராஜ முதலியார் மோட்டார் உதிரிபாகம் விற்றவர். சென்னை புரசைவாக்கம் மில்லர்ஸ் ரோட்டில் அவர் போட்ட ஸ்டுடியோவில் கூரைக்குப் பதிலாக மெல்லிய வெள்ளைத் துணிதான் கட்டப்பட்டிருந்தது. சூரிய வெளிச்சம் அதன் வழியே இறங்கித் தரைக்கு வந்தது. ஸ்டுடியோக்களுக்கு மின்விளக்கு வருமுன் உலகமெங்கும் இதே நிலைதான். பாரிஸுக்குப் பக்கத்தில் 1897ல் ஜார்ஜ் மெலியே கட்டிய கண்ணாடி ஸ்டுடியோவும் வெயிலை நம்பியே இருந்தது. ஆனால் அங்கே கண்ணாடிக் கட்டடம், இங்கே ஒரு துணி. நம் சினிமா ஒரு வீட்டு டிஃப்யூசரின் கீழ் பிறந்தது என்று சொன்னால் மிகையில்லை.

பிறகு பெரிய விளக்குகள் வந்தன. 1935ல் டி.ஆர். சுந்தரம் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் சேலத்தில்தான் இருந்தது. 1956ல் தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' அங்கிருந்து வந்தது. அன்றைய வண்ணச் சுருள்கள் வெளிச்சத்தை அள்ளி அள்ளிக் கேட்டவை. மென்மையைப் பற்றி யோசிக்க இடம் கொடுக்காதவை. அதே 1956ல் வெளிவந்த சத்யஜித் ராயின் 'அபராஜிதோ'வுக்காகக் கல்கத்தா ஸ்டுடியோவில் காசி வீடொன்றின் முற்றத்தைக் கலை இயக்குநர் பன்சி சந்திரகுப்தா அமைத்தார். வெளியில் போட நினைத்த செட், மழைக்குப் பயந்து உள்ளே வந்தது. முற்றத்தில் விழும் நிழலற்ற வான்வெளிச்சத்தை உள்ளே கொண்டுவர முடியாது என்று ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா வாதாடினார், தோற்றார். தோற்றவர் என்ன செய்தார்? செட்டுக்கு மேலே வெள்ளைத் துணியை வானமாகக் கட்டி, விளக்குகளைக் கீழே வைத்து, அந்தத் துணியில் அடித்துத் திரும்பி வரும்படி செய்தார். வயது இருபத்தாறுக்குள். முதல் படமான 'பதேர் பாஞ்சாலி' எடுக்க வருமுன் சினிமா கேமராவைக் கையாண்டதே இல்லை. பவுன்ஸ் லைட் என்று இன்று தெர்மோகோல் பிடிக்கும் பையன் வரை சொல்லும் முறைக்கு உலகளவில் காட்டப்படும் ஆரம்ப உதாரணங்களில் அந்த முற்றமும் ஒன்று. 'அபராஜிதோ'வைப் பார்க்கிறவர் அந்த வீட்டுக்குள் இருக்கும் காட்சிகளை ஒருமுறை கதையை மறந்து வெளிச்சத்துக்காக மட்டும் பார்க்க வேண்டும். வானம் இல்லாத இடத்தில் வானம் இருக்கிறது.

நம் ஊர்க் கல்யாண போட்டோகிராபர்களுக்கும் ஒரு சொந்தக் கண்டுபிடிப்புக் காலம் இருந்தது. ஃபிலிம் ரோல் வரும் டப்பா. கோடாக் டப்பா கறுப்பு, அது உதவாது. ஃபியூஜி டப்பா பால் நிறத்தில் ஒளி ஊடுருவும்படி இருக்கும். அதை ஒரு பக்கம் கீறி, கேமராவின் சின்ன ஃபிளாஷ் மேல் மாட்டுவார்கள். கைக்குட்டை கட்டுபவர்களும் உண்டு, வெள்ளை அட்டையை ரப்பர் பேண்ட் போட்டு நிறுத்துபவர்களும் உண்டு. இந்தச் சின்ன மூடிகளின் ரகசியம் பலருக்குத் தெரியாது. ஃபிளாஷ் அளவே உள்ள டப்பா விளக்கைப் பெரிதாக்குவதில்லை. வெட்டவெளியில் அதை மாட்டினால் வெளிச்சம் குறைவதைத் தவிர ஒன்றும் நடக்காது, முகம் சுண்ணாம்பு அடித்த சுவர் போலவே இருக்கும். சின்ன அறைக்குள் மட்டும் அது வேலை செய்யும். நாலு பக்கமும் வெளிச்சத்தைச் சிதறடிக்க, வெள்ளையடித்த சுவரும் கூரையும் அதைத் திருப்பி அனுப்ப, அறையே டிஃப்யூசர் ஆகிவிடுகிறது. ஓட்டு வீட்டில் பயனில்லாத டப்பா மொட்டைமாடி வீட்டில் பலித்ததற்குக் காரணம் இதுதான்.

சேலத்துக்கு இன்னொரு பளபளப்பும் உண்டே, வெள்ளிக் கொலுசு. செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் கொலுசைப் படமெடுக்கிறவர்களுக்கு வேண்டியது ஓர் அட்டைப்பெட்டி. மூன்று பக்கமும் ஜன்னல் வெட்டி, டிரேசிங் பேப்பரை ஒட்டி, உள்ளே வெள்ளை சார்ட்டை வளைவாக நிறுத்தினால் முனையே தெரியாத பின்னணி. வெளியே இரண்டு பக்கமும் இரண்டு பல்ப். வெள்ளி எல்லாவற்றையும் பிரதிபலிப்பதால் பெட்டிக்குள் வைத்தால்தான் அதற்குப் பார்க்க நல்லதாக ஏதாவது கிடைக்கும். பாத்திரமென்றால் காகிதத்தை ஒட்டிய இடம், துணியின் தையல், படமெடுப்பவரின் மூக்கு வரை அதன் வயிற்றில் தெரியும். கொலுசில் அந்த ஆபத்து குறைவு. ஆனால் இங்கும் முழு வெள்ளை முழு வெற்றி இல்லை. எல்லாப் பக்கமும் வெள்ளையாக இருந்தால் வெள்ளி, காகிதத்தில் வெட்டிய கொலுசாகிவிடும். விவரம் தெரிந்தவர் என்ன செய்வார் என்றால், கேமராவுக்குப் படாத ஓரத்தில் கறுப்பு சார்ட்டில் இரண்டு விரல் அகலப் பட்டை ஒன்றை நிறுத்துவார். ஒவ்வொரு வளையத்தின் விளிம்பிலும் மயிரிழையாக ஒரு கறுப்புக் கோடு ஓடும். உடனே முத்து முத்தாக உருண்டு நிற்கும், கனம் தெரியும். வெளிச்சத்துக்காக இத்தனை பாடுபட்டுக் கடைசியில் அழகைக் கொண்டுவருவது அந்தக் கறுப்புப் பட்டை.

ஒரு நடைமுறைச் சிக்கலையும் சொல்லிவிட வேண்டும். துணி பாதி வெளிச்சத்தை எடுத்துக்கொள்வதால் செல்போன் தன் பங்குக்கு உணர்திறனை ஏற்றிக்கொள்ளும். நிறத்தில் மணல் தூவியது போன்ற புள்ளிகள் வரும், கை ஆடினால் படம் கலையும். போனை ஒரு ஸ்டாண்டில் நிறுத்துங்கள், அல்லது ஸ்டூலின் மேல் சாத்துங்கள். படத்தின் ஓரத்தில் தெர்மோகோல் துண்டு ஒன்று தெரியும்படி முதல் படத்தை எடுத்துக்கொண்டால், அதில் வெள்ளை வெள்ளையாக இருக்கிறதா என்று பார்த்துப் போனின் நிறத்தைச் சரிசெய்துவிடலாம். பிறகு எடுக்கும் கட்டு முழுவதும் ஒரே நிறத்தில் வரும்.

டிஃப்யூசருக்குத் துணி வாங்கப் போகிறவர்கள் போட்டோ கடைக்குப் போவதற்கு முன் ஒரு தறிப்பட்டறைக்குப் போய்ப் பாருங்கள். வெளுத்த, நீலம் போடாத, இழை சற்று விலகிய இரண்டு மீட்டர் மல் வேண்டும் என்று கேளுங்கள். எதற்கு என்றும் சொல்லுங்கள். அவர் எடுத்துத் தரும் துணியை அங்கேயே வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.